ஈரத்துக்குக் கழிவு

நல்ல செய்தி எதைக் கொண்டுபோனாலும் அத்தை முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஈரத்துக்குக் கழிச்சியா?"

சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு ஏ எடுத்தேன் என்று ஓடிப்போய்ச் சொன்னேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தோட்டத்து வீடுகள் உள்ள எங்கள் லயத்தில் அதுவரை யாரும் எடுக்காத ஏ. அத்தை அடுப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பேப்பரு லேசா வந்திருக்கும். அதக் கழிச்சுட்டு மிச்சம் என்னான்னு பாரு." பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்க அப்புத்தளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையன் குடிக்கவே மாட்டானாம் என்று லயமே பூரித்துப்போயிருந்தது. "பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக் குடிக்கல. நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான?" என்றார் அத்தை. அந்தப் பெண்ணின் அம்மா ஒரு மாதம் அத்தையோடு பேசவில்லை.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. மலையில் கொய்த கொழுந்தைச் சாக்கோடு தராசில் வைப்பார்கள். சாக்குக்கு இவ்வளவு, இலையில் இருக்கும் ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் எடையை எழுதுவார்கள். மழை நாளில் அது நியாயம். வெயில் கொளுத்தும் நாளிலும் கழிப்பார்கள். "ஏங்க, இதுல தண்ணி எங்கங்க இருக்கு? பிழிஞ்சு காட்டுங்க பாப்பம்!" என்று மற்றப் பெண்கள் கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்பார்கள். அத்தை ஒருநாளும் நின்றதில்லை. சாக்கைத் தூக்கும்போதே, அவர்கள் கழிக்கப்போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே மனதுக்குள் கழித்துவிடுவார். "நாமளே மொதல்ல கழிச்சுக்கிட்டா அவங்க கழிக்கிறப்ப வலிக்காது புள்ள."

அத்தை என் அப்பாவின் அக்கா. லயத்தில் எங்கள் காம்பிராவுக்கு அடுத்த காம்பிரா அவருடையது. வேலை தேடிக் கொழும்புக்குப் போன மாமா அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. கிழமை நாட்களில் கொழுந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் போக்கர்.

ஆம், போக்கர்தான். தோட்டத்து ஆண்கள் சம்பள நாளில் விளையாடும் சீட்டை அத்தை மதித்ததே இல்லை. "அது அதிஷ்டத்துக்குப் பொறந்த ஆட்டம். வந்தா வந்துச்சு, போனா போச்சு." அவர் படித்தது வேறு பள்ளிக்கூடம். பதினாறு வயதில் கொழும்பில் ஒரு பங்களாவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டார். அந்த வீட்டு ஐயாவின் நண்பர்கள் சனிக்கிழமைகளில் கூடிப் போக்கர் ஆடுவார்கள். அத்தையின் வேலை, கட்லட்டும் ரோல்ஸும் அடுக்கிய தட்டோடு அவர்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பது. எல்லோருடைய கையில் இருந்த சீட்டையும் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அவர். வேலைக்காரப் பெண்ணுக்கு என்ன விளங்கும் என்று யாரும் சீட்டை மறைக்கவில்லை.

கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. பொதுச் சீட்டுகள் திறக்கத் திறக்கப் பணம் வைப்பதா, கையில் இருப்பதைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்குவதா என்று தீர்மானிக்க வேண்டும். கையில் ஒன்றுமே இல்லாதவனும் ஒரு பெரிய தொகையைத் தள்ளி மற்றவர்களைப் பயமுறுத்தி ஒதுக்கிவிடலாம். நிற்கிற இடத்திலிருந்து அத்தை பார்த்ததெல்லாம் அந்தப் பயமுறுத்தலைத்தான்.

"நல்ல சீட்டு வந்தவன் கட்லட்டப் பாக்காமலே எடுப்பான். மனசு மேசையில இருக்கும். ஒண்ணும் இல்லாதவன்தான் தட்டப் பாத்து, கிண்டி, பெருசா ஒண்ணத் தேடி எடுப்பான். மத்தவங்க அவன் முகத்தப் பாக்கக் கூடாதுல்ல?"

தோட்டத்துக்குத் திரும்பிப் பல வருடம் இந்த அறிவுக்கு வேலை இருக்கவில்லை. பிறகு எல்ல என்ற ஊர்ப் பக்கத்துச் சுற்றுலா விடுதிகளுக்கு வெள்ளைக்காரர்கள் வந்து, அங்கே சமைத்த பையன்களுக்குப் போக்கர் பழக்கிவிட்டுப் போனார்கள். அந்த ஆட்டம் ரோட்டு வழியாக இறங்கி ஹாலி-எலயில் ஒரு டயர் கடையின் பின்பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. ஆட்டோக்காரர்களும் சமையல்காரர்களும் ஆடிய அந்த மேசைக்கு எங்கள் தோட்டத்து ஆட்டோக்காரத் தம்பிதான் அத்தையைக் கூட்டிப்போனான். முதல் நாள் சிரித்தார்களாம். இரண்டாம் மாதம் யாரும் சிரிக்கவில்லை.

என் அப்பாவுக்கு இது பெரிய வெட்கம். "பொம்பள போய்ச் சீட்டாடுறா" என்று லயத்தில் ஜாடையாகப் பேசினால் அன்று முழுதும் சாப்பிட மாட்டார். ஆனால் அக்காவிடம் நேரே கேட்டதில்லை. கேட்டாலும் அத்தை என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆட்டக் காசு வேறு, அடுப்புக் காசு வேறு. ஆட்டக் காசு ஒரு பால்மா டின்னுக்குள் இருந்தது. அதற்குள் சம்பளத்திலிருந்து ஒரு சதம் போகாது, அதிலிருந்து ஒரு சதம் அரிசிக்கு வராது.

இதை நான் நேரே அனுபவித்தேன். உயர்தர வகுப்பில் படித்தபோது பதுளையில் டியூஷனுக்குக் கட்ட வீட்டில் காசில்லாமல் போய்விட்டது. டின்னில் இருப்பது எனக்குத் தெரியும். அத்தை காதிலிருந்து தோட்டைக் கழற்றி அப்பாவின் கையில் வைத்தார். டின் திறக்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அதுல இருக்குல்ல அத்தை? தோட்ட ஏன் கழட்டுறீங்க?"

"தோடு என்னோடது. டின்னுல இருக்கிறது மேசையோட காசு. இப்போதைக்கு என்கிட்ட இருக்கு, அவ்வளவுதான்."

பாசமா பிடிவாதமா என்று பிரித்தறிய முடியாத முகம் அது. எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, உழைத்துத்தான் போனேன். அந்தத் தோடும் அந்த உழைப்பில் இருக்கிறது. அத்தையின் காது இன்றுவரை வெறுமையாகத்தான் இருக்கிறது.

அத்தைக்கு ஓர் ஆசை இருந்தது. டயர் கடைக்குப் போகும் வழியில், ரோட்டிலிருந்து சற்று உள்ளே, இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும் உள்ள சின்ன வீடு. வீட்டுக்காரர் மகனோடு கண்டிக்குப் போக இருந்தார். விற்பதாகச் சொல்லியிருந்தார். உறுதிப் பத்திரத்தோடு. அத்தை அந்த வீட்டைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஒரே விஷயம்தான்: "கேட்டுல வீட்டு நம்பர் இருக்கு பாத்தியா." லயத்துக்கு நம்பர் இல்லை. எங்களுக்கு வரும் கடிதம் தோட்டத்து ஆபீசில் கிடந்து, யாருக்காவது நினைவு வரும்போது வந்து சேரும்.

தோட்டத்து வேலைப் பதிவில் பேர் இருந்தால்தான் காம்பிரா. வேலையை விட்டுப் பேரை வெட்டிக்கொண்டால் காம்பிராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். அத்தைக்கு முழங்கால் போய்விட்டது, சரிவில் ஏறும்போது கையால் தொடையைத் தள்ளித் தள்ளித்தான் ஏறுவார். ஆனால் இறங்கிப் போக வேறு கூரை இல்லாதவர் பேரை எப்படி வெட்டுவார்?

டயர் கடை மேசையில் வெல்வது அந்த வீட்டின் வாசற்படிக்கும் காணாது. பண்டாரவளையில் ஒரு லொட்ஜின் மேல்மாடியில் பெரிய மேசை ஒன்று இருந்தது. கட்டட வேலைக் கொந்தராத்துக்காரர்கள், மரக்கறி வியாபாரிகள். கீழே ஒரு மாதத்தில் கைமாறும் காசு அங்கே ஒரே ஒரு கை ஆட்டத்தில் கைமாறும். ஆட்டோக்காரத் தம்பி அத்தையை நச்சரித்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா, இங்க உக்காந்து எங்ககிட்டப் புடுங்கிக்கிட்டு இருக்கீங்க. நாங்க பாவமில்லையா? மேல போங்கக்கா. அங்க இருக்கிறவனுங்க எங்களவிட மோசமா ஆடுறானுங்க."

"மோசமாத்தான் ஆடுவானுங்க. தோத்தா நாளைக்கும் வருவானுங்க. நான் தோத்தா வர முடியுமா?"

"நீங்க ஏன் தோக்கப் போறீங்க?"

"நல்லா ஆடுறவளும் தோக்கத்தான்டா செய்வா. தொடர்ந்து எத்தன நாள் தோத்தாலும் மறுநாள் போய் உக்கார முடியணும். அதுக்கு டின்னு தாங்கணும். தாங்குமான்னுதான் பாக்கிறேன்."

அப்படி அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்றரை வருடம். வென்ற பணத்தில் பாதிக்கு மேல் ஈரம் என்று கழிப்பார். அன்று எதிரே இருந்தவன் குடித்திருந்தான், கழி. கடைசிச் சீட்டு வந்து காப்பாற்றியது, கழி. டின் நிறைந்து இன்னொரு பெரிய டின்னுக்கு மாறியும் அவர் கணக்கில் அது அரை டின்தான். வீட்டுக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டார். மூன்றாம் முறை, வேறு ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்று தகவல் வந்தது. அந்த வாரம்தான் அத்தை, "ஞாயித்துக்கிழமை எங்கூட வர்றியா?" என்று கேட்டார். ஆண்கள் மட்டும் இருக்கும் மாடிக்குத் தனியாகப் போக அவருக்கு ஒரு மாதிரி இருந்திருக்கும். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். கோயிலுக்குப் போகிற சேலையில் அத்தை, கையில் துணிப்பை, அதற்குள் டின். பஸ்ஸில் பையை மடியை விட்டு இறக்கவே இல்லை.

லொட்ஜின் மாடியில் ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். நடுப்பகலிலும் லைட் எரிந்தது. அந்த மேசையின் பெரிய தலை கோவா, அதாவது முட்டைக்கோஸ் விற்கும் ஒரு வியாபாரி, எல்லோரும் 'கோவா முதலாளி' என்றே கூப்பிட்டார்கள். அத்தையை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்கக்கா. ரெண்டு எலையும் ஒரு மொட்டும்னு கிள்ளி எடுக்கிற வேல இல்ல இது. தெரியும்ல?"

"தெரியுங்க முதலாளி. இங்க முத்தின எலையும் வரும்னு சொன்னாங்க."

கொந்தராத்துக்காரர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். கோவா முதலாளியும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

நான் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். அத்தை பெரும்பாலும் சீட்டைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தார். சின்னதாகத் தோற்றார், சின்னதாக வென்றார். கவிழ்த்து ஒதுங்கும் ஒவ்வொரு முறையும் கோவா முதலாளி, "அக்காவுக்குப் பஸ் சார்ஜ் மிஞ்சுனாப் போதும்போல" என்பார். அத்தை காது கேளாதவர் போல இருந்தார்.

பிறகு அந்த ஒரு கை ஆட்டம். அத்தையிடம் சீட்டுகளில் பெரியதான ஆசு ஒன்று இருந்தது, மேசையில் இன்னொரு ஆசு திறந்து கிடந்தது. நல்ல ஜோடி. ஆனால் மேசையில் ஒரே இனத்துச் சீட்டுகள் மூன்றும் கிடந்தன. அதே இனத்தில் இரண்டு யாரிடமாவது இருந்து ஐந்தும் சேர்ந்துவிட்டால் அத்தையின் ஜோடி குப்பை. கோவா முதலாளி தன் முன்னால் இருந்த எல்லாவற்றையும் இரண்டு கையாலும் நடுவே தள்ளினார். அதற்கு ஈடாக வைப்பதென்றால் அத்தை டின்னில் கொண்டுவந்தது அத்தனையையும் வைக்க வேண்டும்.

"யோசிங்கக்கா, யோசிங்க. இருட்டுறதுக்கு முன்ன சொன்னாச் சரி."

அத்தை மேசையையே பார்த்தபடி இருந்தார். விரல் நுனிகள் மட்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன, கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த விரல்கள். லொட்ஜ்காரர் ரோல்ஸ் தட்டைக் கொண்டுவந்து மேசையோரம் வைத்தார். கோவா முதலாளி தட்டுப் பக்கம் திரும்பினார். ஒன்றை எடுத்தார், வைத்தார், அடியிலிருந்து இன்னொன்றை இழுத்தார்.

"வைக்கிறேங்க" என்றார் அத்தை.

கோவா முதலாளியின் கையில் ஒன்றுமே இருக்கவில்லை. ரோல்ஸ் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது. யாரோ கை தட்டினார்கள். அத்தை சிரிக்கவில்லை. பணத்தை இழுத்து அடுக்கினார். எழுந்து ஓடவும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகும்வரை ஆடிவிட்டு, "வர்றேங்க" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு எழுந்தார். "திரும்ப வரணும் அக்கா, எங்க காசு உங்ககிட்ட இருக்கு" என்றார் கோவா முதலாளி. அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அத்தை அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் எனக்கு இருக்க முடியவில்லை. "அத்தை, நாளைக்கே போய் அட்வான்ஸ் குடுத்திருவோம். போதும் அத்தை, அட்வான்சுக்குத் தாராளமாப் போதும். மிச்சத்துக்கு நீங்க வேலைய விட்டா வர்ற சேவைக்காலக் காசு இருக்கு."

"எதக் குடுக்கிறது?"

"இதத்தான்!"

"இது ஈரம் புள்ள."

"ஈரமா? நீங்க அவர் மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிச்சீங்க. என் கண்ணால பாத்தேன்."

"கண்டுபிடிச்சது நான். சரி. ஆனா ஆசு வந்தது நானா? அவன் ஒண்ணுமில்லாம எல்லாத்தையும் தள்ளுனது நானா? ஒரு நாள் நிறுத்து எட சொல்ல முடியாது. இன்னும் பல தடவ போகணும், தோக்கணும், தோத்து மிஞ்சுறதுதான் காஞ்ச எட. அதுல வேணும்னா வீடு வாங்கலாம். இதக் குடுத்துட்டு, பேரையும் வெட்டிக்கிட்டு, அடுத்த தவண கட்ட முடியாமப் போனா? அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல."

அவர் சொன்னதில் பிழை காட்ட முடியவில்லை. இப்போதும் முடியாது. அந்தக் கணக்கு சரி.

ஆனால் அடுத்த தடவை வரவில்லை. முதலில் அவருக்குக் காய்ச்சல். பிறகு அந்த வருடம் வந்தது. பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் நாட்டையே வரிசையில் நிறுத்திய வருடம். லொறிகள் நின்றன, கோவா முதலாளிகளின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும் நின்றது. நான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒவ்வொரு முறை வரும்போதும் அரிசி ஒரு புது விலையில் இருந்தது. டின் அடுப்படிப் பலகையில் அதே இடத்தில் இருந்தது. அத்தை அதைத் தொடவில்லை. திரும்பப் போய்த் தோற்பதற்காக வைத்திருந்த காசு அது. ஹாலி-எல வீட்டை வெளிநாட்டில் மகள் இருக்கும் ஒரு குடும்பம் வாங்கியது. அது போன விலை அத்தையின் காதுக்கு வந்திருந்தது, நான் கேட்டபோது அந்தத் தொகையைச் சொல்லவே இல்லை.

பட்டம் முடித்துப் பதுளையில் ஒரு பாடசாலையில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். பாடசாலைக்குப் பக்கத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தேன். அத்தையைக் கூட்டிப்போய்க் காட்டினேன். கட்டிலை அமுக்கிப் பார்த்தார், பைப்பைத் திறந்து மூடினார்.

"இங்க வந்து என்கூட இருங்க அத்தை. பேர வெட்டிக்கிட்டு வாங்க. நான் பாத்துக்கிறேன்."

"உனக்கு மாத்தம் வந்தா?"

"மாத்தம் வந்தா அந்த ஊருக்குப் போவோம்."

"கல்யாணம் முடிச்சா?"

"முடிச்சா நீங்களும் கூட வருவீங்க."

"அவன் சம்மதிப்பானா?" என்று கேட்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "டீச்சர் நல்ல மனசோடதான் சொல்றா. இன்னைய மனசு அது." என் பாசத்திலும் அவர் கழித்துவிட்டார் என்று விளங்கியபோது முகம் சுட்டது.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு முன்னால் நின்றார். பையில் டின்னைக் கொண்டுவந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் அறையைப் பார்க்க வரும்போது எதற்காக அதை எடுத்துவந்தார் என்று கேட்கவில்லை, இன்றும் எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் மேசையில் கொட்டி, "இதுக்கு என்னங்க வரும்?" என்றார். கடைக்காரர் கல்குலேட்டரைத் தட்டினார். வீட்டு அட்வான்சுக்குத் தாராளமாக இருந்த காசுக்கு இப்போது காம்பிராவின் கூரைக்குத் தகரம் வரும். ஆணி வரும். கொஞ்சம் மரம் வரும், கூலி சிக்கனமாகப் பார்த்தால்.

அத்தை சிரித்தார். நான் கேட்ட அவருடைய சிரிப்புகளில் அதுதான் பெரியது.

"போனா என்ன போகும்னு அவ்வளவு கணக்குப் பாத்தேன் புள்ள. சும்மா இருந்தா என்ன போகும்னு பாக்கவே இல்ல."

அவருடைய காம்பிரா பல வருடமாக நான்கு இடத்தில் ஒழுகியது. ஆபீசில் சொல்லிச் சொல்லி அலுத்து, கீழே பாத்திரம் வைத்துப் பழகிவிட்டார். அப்பாவும் ஆட்டோக்காரத் தம்பியும் ஏறிப் பழைய தகரத்தைக் கழற்றிப் புதியதை அடித்தார்கள். லயம் முழுக்கத் துருப்பிடித்த கறுப்பு, நடுவில் ஒரு துண்டு மட்டும் கண் கூசியது. இரண்டாம் நாள் தோட்டத்துக் கங்காணி வந்தார்.

"அக்கா, ஆபீஸ்ல கேட்டீங்களா கூர மாத்தறதுக்கு?"

"ஒழுகுதுன்னு பல தடவ சொன்னேனே. அது கேட்ட மாதிரிதான?"

"அது வேறக்கா. தோட்டத்துக் கட்டடத்துல அடிச்சது தோட்டத்துக்குத்தானாம். நாளைக்கு நீங்க பேர வெட்டிக்கிட்டுப் போனா தகரத்தக் கழட்டிக்கிட்டுப் போக ஏலாது. சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன். என்மேல கோவிச்சுக்காதீங்க."

"உம்மேல என்ன கோவம் தம்பி. இருந்து டீ குடிச்சிட்டுப் போ."

அந்தச் சனிக்கிழமை நான் போயிருந்தபோது மழை பிடித்தது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. அத்தை பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அறை நடுவில் பலகையில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீயை நீட்டினேன்.

"நல்லாருக்குல்ல அத்தை? நிம்மதி."

மழை கொஞ்சம் குறைந்தது. அவர் கவிழ்த்து வைத்த பாத்திரம் ஒன்றை ஓரமாக நகர்த்தினார்.

"ஒழுகிக்கிட்டு இருந்த வரைக்கும், எப்படியும் ஒரு நாளைக்கு இங்கேருந்து போயிருவோம்னு இருந்துச்சு புள்ள. ஒழுகுற வீட்டுல யாரு சாகுற வரைக்கும் இருப்பா?" டீயை வாங்கிக்கொண்டார். "இப்ப நல்ல கூரயாப் போச்சு."